கல்மணி மாலைத் தொழிலும் வருடா வருடம் ஏறும் நகைக்கடனும்

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறேன். வயது 37. கணவர் மில்லில் மேற்பார்வையாளர், சம்பளம் 28,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அமெதிஸ்ட், கார்னெட், ரோஸ் குவார்ட்ஸ் போன்ற கல்மணிகளைக் கோத்து மாலை செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். மாதம் 30 மாலை போகும். ஒன்று 650 ரூபாய். 2022 ஜூனில் 2 பவுன் செயினையும் 2 பவுன் வளையல் ஜோடியையும் வங்கியில் வைத்து 1 லட்சம் வாங்கித் தொழிலை ஆரம்பித்தேன். வருடம் ஒருமுறை பழைய கடனை முடித்து, அதே நகையைப் புதுக்கடனுக்கு மாற்றி வைப்பேன். இப்போது கடன் 2,10,000 ரூபாயில் நிற்கிறது. தங்கம் விலை ஏறியதால் வரும் ஜூனில் 3 லட்சம் வரை தருவோம் என்கிறார்கள். வீட்டில் சுமார் 1,40,000 ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. நாத்தனார் மட்டும் 35,000 பாக்கி. தொழிலை மூடிவிடு என்கிறார் கணவர். முத்ரா கடன் வாங்கி நகையை மீட்கலாமா? தோழி ஒருத்தி மாதம் 2,000 ரூபாயை டிஜிட்டல் தங்கத்தில் போடச் சொல்கிறாள், போடலாமா? இரவில் தூக்கமே வருவதில்லை.

பதில்: கணக்கு நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். வரவு, செலவு, பாக்கி எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் வைத்திருக்கிறீர்கள். அதனால் சிக்கனம், சேமிப்பு என்று உங்களுக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் நகையைக் கூடுதல் தொகைக்கு மாற்றி வைக்கிறீர்களே, அதுதான்.

முதலில் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழில் நஷ்டத்தில் இல்லை. நீங்கள் எழுதியபடி ஒரு மாலைக்குக் கல் சரம் 320 ரூபாய். கியர் ஒயர் (மணி கோக்கும் கம்பி), லாக், ஸ்பேசர் (மணிகளுக்கு நடுவில் கோக்கும் சிறு மணி), கொக்கி எல்லாம் சேர்த்து 70. பெட்டிக்கும் கூரியருக்கும் 60. ஆக 450. விற்பது 650-க்கு, நிற்பது 200. முப்பது மாலைக்கு மாதம் 6,000 ரூபாய். பிள்ளைகளின் வேன் கட்டணமும் மாமியாரின் மாத்திரையும் இதில்தான் நடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சமையலறை வேலை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து மணி கோக்கும் ஒருவரின் உழைப்பு இது. படம் எடுப்பது, பதில் போடுவது எல்லாம் சேர்த்து மாலைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால், மணிக்கு 100 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். வீட்டை விட்டு வெளியே போகாமல் கிடைக்கும் இந்த வருமானத்தை மூடிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கணவரும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, அப்புறம் ஏன் தூக்கம் போனது? கடன் நடந்த விதத்தைப் பாருங்கள். 2022-ல் 1 லட்சம். 2023-ல் மாற்றி வைத்தபோது 1,25,000. 2024-ல் 1,55,000. 2025-ல் 2,10,000. வட்டி ஏறக்குறைய 10 சதவீதம். 2023-ல் கூடுதலாகக் கிடைத்த 25,000-த்தில் 10,000 வட்டிக்குப் போய், கையில் வந்தது 15,000. அடுத்த வருடம் 30,000-த்தில் 12,500 வட்டி, கையில் 17,500. போன ஜூனில் 55,000-த்தில் 15,500 வட்டி, கையில் 39,500. முதலில் வாங்கிய லட்சத்தோடு சேர்த்தால் இதுவரை நீங்கள் கண்ணால் கண்ட பணம் 1,72,000. கடனோ 2,10,000. நடுவில் இருக்கும் 38,000-மும் வட்டி. அந்த வட்டியில் ஒரு ரூபாயைக்கூட விற்ற பணத்திலிருந்து நீங்கள் கட்டவில்லை. மூன்று முறையும் புதுக்கடனை வைத்தே பழைய வட்டியைக் கட்டியிருக்கிறீர்கள். கையிலிருந்து போகாததால் அது உங்களுக்கு வலிக்கவே இல்லை.

கையில் வந்த 1,72,000 எங்கே போனது என்பதும் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. சரக்கு 1,40,000, நாத்தனார் பாக்கி 35,000. இரண்டையும் கூட்டினால் 1,75,000. கடன் பணம் அப்படியே பெட்டியிலும் நாத்தனாரிடமும் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டி நிறைந்தது ஒரே நாளில் அல்ல. மாதம் 30 மாலைக்கு 9,600 ரூபாய்க்குச் சரம் போதும். நீங்கள் சராசரியாக 13,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். ஜெய்ப்பூர் வியாபாரி வாட்ஸ்அப்பில் புது நிறத்தைப் போட்டதும் மூன்று சரம், சென்னை சௌகார்பேட்டைக்கு ஒரு கல்யாணத்தை ஒட்டிப் போனபோது பத்துச் சரம் என்று போயிருக்கிறது. மாதம் 3,400 கூடுதல் என்றால் மூன்றரை வருடத்தில் 1,40,000-ஐத் தாண்டும். ஜூன் மாதத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நகையை மாற்றி வைத்த வாரத்தில்தான் பெரிய பெரிய பில்கள் இருக்கின்றன. கையில் மொத்தமாகப் பணம் வந்ததும் அது லாபம் போலத் தெரிகிறது, உடனே சரமாக மாறுகிறது.

“கல்தானே, கெட்டா போகப் போகிறது?” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெதிஸ்ட் வெயில் பட்டால் வெளுக்கும். ரோஸ் குவார்ட்ஸிலும் நிறம் மங்கும். டர்க்காய்ஸ் என்ற பெயரில் விற்பதில் பலவும் சாயம் ஏற்றிய ஹவ்லைட் போன்ற வெள்ளைக் கல், வியர்வைக்கு நிறம் விடலாம். முலாம் பூசிய கொக்கியும் ஸ்பேசரும் ஈரக் காற்றில் கறுக்கும். எலாஸ்டிக் நூல் சும்மா இருந்தாலே தளரும். இதையெல்லாம் விடப் பெரியது பாணி மாறுவது. போன வருடம் வெளிர் நிறம் கேட்டவர்கள் இந்த வருடம் மோனாலிசா பீட்ஸ் என்ற வேறு வகை மணியைக் கேட்கிறார்கள். விற்ற கடைக்காரரே உங்கள் பழைய சரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அடகில் இருக்கும் 4 பவுனுக்கு எந்த ஊரிலும் விலை உண்டு. அதைக் கொடுத்து நீங்கள் வாங்கிய 1,40,000 ரூபாய்ச் சரக்குக்கு உங்கள் வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரும் விலை தர மாட்டார்கள்.

அதனால் வரும் ஜூனில் 3 லட்சம் வேண்டவே வேண்டாம். வாங்கினால் வட்டி மட்டும் வருடம் 30,000, மாதம் 2,500. உங்கள் 6,000 லாபத்தில் அது ஏறக்குறைய பாதி. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் விதிகளை மாற்றியது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம் தரலாம் என்று வரம்பு கூடியிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இதற்கு மாற 2026 ஏப்ரல் 1 கெடு. கூடுதலாகக் கிடைப்பதை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும். புதுக்கடனில் வட்டியைக் கழித்துக்கொள்ளும் உங்கள் வழக்கத்துக்கு இடம் குறைகிறது. விலை இறங்காது என்றும் இருந்துவிடாதீர்கள். 2013-ல் உலகச் சந்தையில் தங்கம் ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் இறங்கியது. உச்ச விலையில் முழுத் தொகைக்கு வைத்தவர்கள் அப்போதுதான் ஏல நோட்டீஸைப் பார்த்தார்கள்.

இனி செய்ய வேண்டியது. இன்றிலிருந்து ஜூன் வரை ஒரு சரம்கூட வாங்காதீர்கள். கியர் ஒயர், லாக், கொக்கி, பெட்டி மட்டும் வாங்கலாம். இருக்கும் சரக்கிலிருந்தே மாலை கோத்தால், சரத்துக்குப் போகும் 9,600 ரூபாய் மாதாமாதம் கையில் நிற்கும். வீட்டுக்குக் கொடுக்கும் 6,000-த்தைத் தொட வேண்டாம். ஜூனுக்குள் நான்கு மாதம் இருக்கிறது, 38,400 சேரும். அதில் 21,000 இந்த வருட வட்டி. முதல் தடவையாக வட்டியை விற்ற பணத்தில் கட்டப் போகிறீர்கள். மிச்சம் 17,400 அசலுக்கு. வாடிக்கையாளர் கேட்கும் நிறம் பெட்டியில் இல்லாவிட்டால் இருப்பதைப் படமெடுத்துக் காட்டுங்கள். நான்கு ஆர்டர் தவறிப் போகும், போகட்டும். முழுச் சரங்களாகவே எடுத்துக்கொள்ளத் தயாராக உங்களைப் போலக் கோக்கும் பெண்கள் யாராவது இருந்தால், வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள்.

விலையையும் தொட வேண்டும். இயற்கைக் கல்லில், கையால் கோத்த மாலை 650 ரூபாய் என்பது குறைவு. 750 ஆக்குங்கள். முப்பதுக்கு இருபத்தைந்துதான் போனாலும் மாலைக்கு 300 வீதம் 7,500 நிற்கும். ஐந்து மாலை குறைந்ததில் பத்து மணி நேரத் தூக்கம் மிச்சம்.

நாத்தனார் விஷயம். “அசல் விலைக்குக் கொடு, தோழிகளிடம் வாங்கித் தருகிறேன்” என்று எடுத்துப் போகிறார், பணம் வருவதில்லை, கேட்டால் மாமியார் முகம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுக் குடும்பத்தில் இதை நீங்கள் வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. கேட்க வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய தங்கை, அவர் பேசட்டும். தொழிலை மூடச் சொல்வதை விட இது அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. பழைய 35,000-த்தை மாதம் 3,000 வீதம் தரச் சொல்லுங்கள். இனிமேல் பணம் வந்த பிறகே மாலை போகும், அவர் மூலம் விற்கும் ஒவ்வொரு மாலைக்கும் 50 ரூபாய் அவருக்கு என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது, அவருக்கும் ஒரு கைச்செலவுக்காகும். அவர் சரியாகத் தந்தால் ஜூனுக்குள் 12,000. ஆக அசலில் மொத்தம் 29,400 குறைந்து கடன் 1,80,000-க்கு வந்து நிற்கும். தராவிட்டால் 1,93,000 பக்கம் நிற்கும். அப்போதும் போன வருடத்தை விடக் குறைவுதான்.

முத்ரா கடன் இப்போது வேண்டாம். ஷிஷு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள், நல்ல திட்டம்தான். ஆனால் அது தொழிலுக்கான கடன், நகை மீட்க அல்ல. அதோடு, 1,40,000 சரக்கு பெட்டியில் இருக்கும் ஒருவருக்கு இன்னும் முதல் எதற்கு? அந்த ஐம்பதாயிரமும் ஜெய்ப்பூருக்குப் போகும். அடுத்த வருடம் ஆர்டர் கூடி, சரக்கு தீர்ந்து, மெஷின் ஏதாவது வாங்க வேண்டும் என்றால் அப்போது யோசிக்கலாம்.

டிஜிட்டல் தங்கம். தோழிக்கு நல்ல மனசு, ஆனால் யோசனை சரியில்லை. செயலிகளில் விற்கும் இந்தத் தங்கம் தன் கண்காணிப்பில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே முதலீட்டாளர்களை எச்சரித்தது. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும், விற்கும்போது விலையில் இன்னும் கொஞ்சம் வெட்டு. உங்களுடைய சொந்தத் தங்கம் 10 சதவீத வட்டியில் வங்கியில் கிடக்கிறது. அந்த 2,000 ரூபாயைக் கடனில் கட்டினால் அதுவும் தங்கச் சேமிப்புதான், கழுத்தில் போடக்கூடிய தங்கம். இன்றைய தேதியில் உங்களுக்கு வேறு எந்தத் திட்டமும் தேவையில்லை.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: பைரைட் பிரேஸ்லெட் நன்றாகப் போகிறது, செல்வத்தை ஈர்க்கும் என்று சொல்லி விற்கலாம், 20,000 ரூபாய்க்கு இறக்கட்டுமா? வேண்டாம். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், ஈரத்தில் மெல்லக் கெடும். அது பணத்தை ஈர்க்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கடனில் தவிக்கும் இன்னொரு பெண் உங்களை நம்பி அதை வாங்குவாள். இத்தனை நாள் கல்லின் பெயரையும், சாயம் ஏற்றியதா இல்லையா என்பதையும் சொல்லித்தான் விற்றிருக்கிறீர்கள். அந்த நாணயம்தான் உங்களிடம் வாடிக்கையாளர்களைத் திரும்ப வரவைக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

ஜூனில் வங்கிக்குப் போகும்போது ஒன்று கேளுங்கள். நான்கு பவுனும் ஒரே கடனில் இருப்பதால், பொதுவாக முழுப் பணமும் கட்டாமல் எதுவும் வெளியே வராது. புதுப்பிக்கும்போது செயினுக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று என்று 90,000 வீதம் இரண்டு கடனாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு மிச்சம் பிடிக்கும் பணத்தையெல்லாம் வளையல் கடனிலேயே போடுங்கள். பெட்டியில் மீதமுள்ள சரக்கில் பாதி விலை போனாலும் 50,000. நாத்தனாரின் மிச்சத் தவணை 23,000. விலை உயர்த்தியதில் வருடத்துக்கு 18,000. மொத்தம் 91,000. இரண்டு கடனுக்குமான வட்டி 18,000 போக 73,000. கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். 2027 ஜூனில் வளையல் கடனில் 20,000-த்துக்குள்தான் பாக்கி நிற்கும், அந்தத் தீபாவளிக்குள் வளையலை மீட்டுவிடலாம். செயின் அதற்கு அடுத்தது. நடுவில் தங்கம் எவ்வளவு ஏறினாலும், “இன்னும் கொஞ்சம் கூட்டித் தரட்டுமா?” என்று வங்கியில் கேட்டால், இருக்கும் தொகையே போதும் என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.