போலீஸ் அடித்ததற்குக் கடையை அடைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

"காவல் நிலையத்தில் யாரோ இறந்துபோனால் ஊர் முழுக்கக் கடையடைப்பு, மறியல் என்று கிளம்புகிறார்களே, இதனால் என்ன பயன்? அதற்குத்தான் கோர்ட் இருக்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால், ஏதோ ஒரு கடையடைப்பு நாளில் பால் பாக்கெட்டுக்கு நாலு தெரு அலைந்தவர் போலத் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஷட்டருக்கு உள்பக்கம் நிற்கிறவன். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன்.

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. மளிகைக் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடிவிட வேண்டும் என்று உத்தரவு. ஒரு மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். தெருக்கோடியில் இருக்கும் ஆச்சி ஒருத்தி அரைக் கிலோ சீனி கேட்டு நின்றாள். நிறுத்துக்கொண்டிருந்தபோது பைக் சத்தம். "எலேய், மணி என்ன?" என்ற கேள்வியும் லத்தியும் ஒன்றாகவே வந்தன. கெண்டைக்காலில் இரண்டு அடி. ஆச்சி முன்னால், என் மகன் வயதுப் பையன் ஒருத்தன் என்னை 'லேய்' என்றான். போகும்போது எலக்ட்ரானிக் தராசையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் ஸ்டேஷன் வாசலில் மூன்று மணி நேரம் நின்று அதை வாங்கி வந்தேன். வீட்டில் மூட்டை சரிந்து காலில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அடிபட்ட வலியை விட அந்தப் பொய்தான் ரொம்ப நாள் உறுத்தியது.

    

இரண்டு மாதம் கழித்துத்தான் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் அது நடந்தது. ஜூன் 19 மாலை, ஊரடங்கு நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவைத் தேடிப் பின்னாலேயே போனார் மகன் பென்னிக்ஸ். 22ஆம் தேதி இரவு மகன், மறுநாள் விடிவதற்குள் அப்பா, இரண்டு பேருமே அடிபட்டுச் செத்துப்போனார்கள். தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு மூட்டை சரிந்த கதை ஞாபகம் வந்தது. நான் பயத்தில் சொன்ன பொய், இவர்கள் தைரியமாகச் சொன்ன பொய்.

அந்த வாரம் வணிகர்கள் கடையடைப்பு அறிவித்தார்கள். பால், மருந்து தவிர எங்கள் பஜாரில் எல்லாம் பூட்டு. உண்மையைச் சொன்னால் ஊர்வலமும் இல்லை, கோஷமும் இல்லை. கொரோனா நேரம், நாலைந்து பேர் மாஸ்க்கோடு அவரவர் கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். இரும்புக் கடை அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல். பேச்சுவாக்கில் வேட்டியை முழங்கால் வரை தூக்கி ஒரு தழும்பைக் காட்டினார். மே மாதம் வாங்கியதாம். எதிர்த்த டீக்கடைக்காரர், அவருக்கு விழுந்தது கன்னத்தில் என்றார். செருப்புக் கடைப் பையன் ஒன்றும் சொல்லாமல் சிரித்தான். நானும் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்துப் பக்கத்துக் கடை, தினமும் சில்லறை மாற்றிக்கொள்கிற ஆட்கள், இரண்டு மாதமாக ஒருத்தருக்கொருத்தர் மறைத்திருக்கிறோம். வியாபாரம் நடக்கிற நாளில் இந்தப் பேச்சு வந்திருக்காது. பயன் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பயன் இது.

நாங்கள் பூட்டியதால்தான் கேஸ் நகர்ந்தது என்று மார் தட்டவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் மரியாதை இல்லாமல் பேசினார்கள். கேமராப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது கோர்ட். விடிய விடிய அடித்தார்கள் என்று சாட்சி சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி. கோர்ட்டும் மாஜிஸ்திரேட்டும் ரேவதியும் செய்தது பெரிய காரியம். ஆனால் ஊரே கொதித்துக் கிடந்த நேரத்தில் செய்தார்கள். சுற்றிலும் எல்லாம் வழக்கம்போல நடந்திருந்தால் அந்தம்மாவால் வாய் திறந்திருக்க முடியுமா? முதல் கைதுகள் நடந்த ராத்திரி சாத்தான்குளத்தில் வெடி போட்டார்கள். இரண்டு சாவுக்குப் பிறகு வெடியா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அங்கே இருந்திருந்தால் நானும் ஒரு சரம் கொளுத்தியிருப்பேன்.

போலீஸ் என்றாலே இப்படித்தான் என்று எழுதுவதாகச் சிலர் வருவீர்கள். என் சித்தப்பா மகன் ஏட்டு. பண்டிகை நாளில்கூட வீட்டில் சாப்பிட்டதில்லை. அவன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

"செத்தது கடைக்காரர் என்பதால் பூட்டினீர்கள், கூலிக்காரன் செத்தால் பூட்டுவீர்களா?" என்றும் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை, நகை காணவில்லை என்ற புகாரில் பிடித்துப் போய் விசாரித்தார்கள். அடிபட்டுச் செத்துப்போனார். செய்தி வந்த காலையில் நான் வழக்கம்போல ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். பேப்பரைப் படித்துவிட்டு இரும்புக் கடை அண்ணாச்சியிடம் "அநியாயம்" என்றேன். அவரும் "அநியாயம்தான்" என்றார். எங்கள் ஊர் வணிகர் சங்கத்திலிருந்து போன் வரவில்லை. நானும் போட்டுக் கேட்கவில்லை.