தீர்ப்புக்கு முன்பே சிறை: பிணை, விளக்கமறியல், தண்டப்பணம் பற்றி வாசகர் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: வழக்கே முடியவில்லை, எங்கள் ஆள் ஏன் உள்ளே இருக்கிறார்? அதனால் பிணை பற்றிய கேள்விகளுக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

ஹெரோயின் 4 கிராம் வைத்திருந்ததாகச் சொல்லி தம்பியைப் பிடித்து ஐந்து மாதமாகிறது. 14 நாளுக்கொரு தடவை மாளிகாகந்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். "அறிக்கை வரவில்லை" என்று அடுத்த தவணை போடுகிறார்கள். நீதவான் ஏன் பிணை கொடுக்கிறார் இல்லை? (வாசகி, கொட்டாஞ்சேனை)

அந்த அதிகாரம் நீதவானிடம் இல்லை. நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவின் கீழ் சந்தேகநபராக்கப்பட்ட ஒருவருக்கு மேல் நீதிமன்றம்தான் பிணை வழங்கலாம். அதுவும் "விதிவிலக்கான சூழ்நிலை" இருந்தால்தான். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும். ஆகவே பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பி அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது அந்த 4 கிராம். அது பொலிஸார் நிறுத்த மொத்த எடை. கலந்திருக்கும் மாவும் மற்றத் தூளும் அதில் சேர்த்தி. சட்டமோ தூய ஹெரோயினின் எடையைப் பார்க்கிறது: 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை, அதற்குக் கீழே என்றால் தண்டனை வேறு. 4 கிராம் பொட்டலத்துக்குள் தூய ஹெரோயின் 2 கிராமுக்குக் குறைவாக இருப்பது அபூர்வமல்ல. அந்த எண்ணைச் சொல்லக்கூடியது பெலவத்தையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் மட்டுமே. அறிக்கை வராமல் சட்டமா அதிபரால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது, வழக்கும் தொடங்காது.

செய்யவேண்டியவை இவை. பி அறிக்கை, மேலதிக அறிக்கைகள், வழக்கேட்டின் குறிப்புகள் ஆகியவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளுக்கு நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பியுங்கள். சான்றுப்பொருள் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட்ட திகதியும் அதன் தொடரிலக்கமும் அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையிட்ட பொதி வாரக்கணக்கில் பொலிஸ் நிலையத்திலேயே கிடந்திருந்தால் அது இங்கேதான் தெரியவரும். பிறகு சட்டத்தரணி மூலம், அறிக்கையை விரைவுபடுத்தப் பகுப்பாய்வாளருக்கு ஞாபகமூட்டல் அனுப்பும்படி நீதவானிடம் கோருங்கள். அந்தக் கோரிக்கை ஒவ்வொரு தவணையிலும் வழக்கேட்டில் பதியப்படவேண்டும். நாளைக்கு மேல் நீதிமன்றத்தில் பிணை மனு போடும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

"விதிவிலக்கான சூழ்நிலை" எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. குற்றப்பத்திரிகை இல்லாத நீண்ட தாமதத்தை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. "வீட்டில் கஷ்டம், பிள்ளைகள் சின்னவர்கள்" என்று மட்டும் எழுதிய மனு பெரும்பாலும் நிற்காது. தாமதத்தைத் திகதி திகதியாகக் காட்டும் மனு, முன்குற்றம் இல்லை என்பதற்கான ஆதாரம், கடும் நோய் இருந்தால் மருத்துவப் பதிவு, இவைதான் பேசும்.

நீதிமன்ற வாசலில் நின்று "அறிக்கையைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒரு இரசாயனப் பரிசோதனைக்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் சிறையில் காத்திருப்பது அநீதி. அறிக்கைக்குச் சட்டத்தால் ஒரு கெடு வேண்டும். கெடு தவறினால் நீதவானே பிணையை ஆராயும் அதிகாரம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஆளும் கருவியும் கொடுப்பது புதுச் சிறை கட்டுவதைவிட மிகக் குறைந்த செலவு.

என் மகன் புறக்கோட்டையில் கடையில் வேலை. அடிபிடி வழக்கில் ஒரு இலட்சம் ரூபா சரீரப் பிணை இரண்டில் விடச் சொல்லி உத்தரவாகி எட்டு நாள். இன்னும் உள்ளேதான். ஒரு இலட்சத்துக்கு எங்கே போவது? (ஒரு தாய், ஹட்டன்)

அம்மா, சரீரப் பிணைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. பலர் இதைக் காசுப்பிணை என்று நினைத்துக் கடன் வாங்க அலைகிறார்கள். இரண்டு பேர் நேரில் வந்து, "இவர் தவணைக்கு வராவிட்டால் அந்தத் தொகையை நாங்கள் செலுத்துவோம்" என்று முறியில் ஒப்பமிடுவதுதான் சரீரப் பிணை. மகன் தவணைக்கு ஒழுங்காக வந்தால் யாரும் எதுவும் கட்டவேண்டி வராது.

பிணையாளிகள் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், தொழில் அல்லது வருமான ஆதாரம் ஆகியவற்றைக் கொண்டுவரவேண்டும். நெருங்கிய உறவினர்தான் வேண்டும் என்று உத்தரவில் இருந்தால் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழும் தேவை. சில நீதிமன்றங்கள் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கும். கொழும்புக்குப் பஸ் ஏறுமுன் இதைச் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். தோட்டத்திலிருந்து வருபவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த மேலொப்பமும், அடையாள அட்டையில் ஒரு முகவரி, சான்றிதழில் வேறு முகவரி என்ற முரணும்தான். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, நாளைக் கேட்டுவைத்துப் போங்கள். நீதிமன்றத்துக்குக் காலையிலேயே வாருங்கள். பிற்பகலில் ஒப்பமிட்டால் விடுவிப்புக் கட்டளை சிறைக்குப் போய்ச்சேர மறுநாளாகலாம்.

கொழும்பில் உறவினர் யாரும் இல்லையென்றால், தொகையைக் குறைக்கவோ "கொழும்பு வாசி" போன்ற நிபந்தனையை மாற்றவோ நகர்த்தல் மனு (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) மூலம் அதே நீதவானிடம் கேட்கலாம். வசதிக்கு மீறிய பிணை, பிணை மறுத்ததற்குச் சமம். 1997இன் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட வழக்குகளில் தீர்ப்பில்லாமல் கைது நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதை நீடிக்க மேல் நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும், அந்த நீடிப்பும் மொத்தம் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது.

காசுப்பிணையும் சேர்த்துக் கட்டச் சொன்னால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். வெளிநாடு போகவிருப்பவரின் பெயரில் அதைக் கட்டினால் மீளப்பெறும்போது அலைச்சல்தான்.

உத்தரவு சிங்களத்தில் இருந்ததால் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீதிமன்றம் நடக்கும் மொழி விளங்காதவருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கேட்காவிட்டால் கிடைக்காது, தயங்காமல் கேளுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியிலேயே இருக்கிறது. வருமான ஆதாரத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

விளக்கமறியலில் உள்ளவருக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா? (தெமட்டகொடை)

கொடுக்கலாம். தீர்ப்பளிக்கப்படாத கைதி வீட்டு உணவு உண்ணவும் சொந்த உடுப்பு உடுக்கவும் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. சாப்பாட்டை வாசலில் பரிசோதிப்பார்கள், குழம்பையும் சோற்றையும் தனித்தனியாகக் கட்டினால் வேலை சுலபம். மருந்தைச் சாப்பாட்டோடு வைக்கவேண்டாம். வைத்தியரின் மருந்துச்சீட்டோடு சிறை வைத்தியசாலை வழியாகக் கொடுங்கள்.

சிறைகள் நிரம்பி வழிகின்றன என்றால் பெரிய சிறைகளைக் கட்டினால் போதாதா? (வெள்ளவத்தை)

போதாது. 2023 நத்தாருக்கு முன் நாட்டின் சிறைகளில் ஏறத்தாழ 30,000 பேர் இருந்தார்கள். இடமிருந்தது சுமார் 11,000 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தீர்ப்பே பெறாதவர்கள். அதே மாதம் 17ஆம் திகதி பொலிஸார் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் போதைப்பொருள் தொடர்பில் கைதானார்கள். ஒரு பக்கம் நத்தார் மன்னிப்பில் 1,004 பேர் வெளியே வந்தார்கள், மறுபக்கம் அதைவிடப் பலமடங்கு பேர் பிடிபட்டார்கள். வாசல் இப்படித் திறந்திருக்கும்வரை எத்தனை கட்டடம் எழுப்பினாலும் அது நிரம்பும்.

1841இல் கட்டிய வெலிக்கடைச் சிறையை இடம்மாற்றுவது வேறு விடயம். மனிதர் படுத்துறங்க இடமில்லாத கட்டடத்தை மாற்றத்தான் வேண்டும். நெரிசல் வசதிக்குறைவோடு நிற்பதில்லை, உயிரையும் வாங்கும். 2020 நவம்பரில் மஹர சிறையில் கொவிட் அச்சத்தோடு எழுந்த கலவரத்தில் 11 பேர் இறந்தார்கள். அந்தச் சிறையிலும் இருக்கவேண்டியவர்களைவிடப் பன்மடங்கு பேர் இருந்தார்கள்.

நான் சட்டக் கற்கைநெறி மாணவன். அமெரிக்கச் சிறை அனுபவத்திலிருந்து நாங்கள் எடுக்கக்கூடியது என்ன? சீர்திருத்தம் என்றால் குற்றம் கூடாதா?

2023 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 135 பேர் சிறையில் என்றால், அமெரிக்காவில் 500க்கு மேல். அங்கே மொத்தம் 18 இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருக்கிறார்கள். 1970களுக்குப் பின் வந்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளும் போதைப்பொருள் சட்டங்களும் அதற்குப் பெரிய காரணம். நாங்களும் எடையை வைத்துத் தண்டனையைப் பூட்டிவைக்கிறோம் என்பதால் இந்த ஒப்பீடு பொருந்தும்.

கட்டுரைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளை எடுங்கள். நியூ ஜேர்சி மாநிலம் 2017 ஜனவரி முதல் காசுப்பிணையை ஏறக்குறைய கைவிட்டு, ஒவ்வொருவரின் ஆபத்தையும் மதிப்பிட்டு விடுவிக்கத் தொடங்கியது. 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையில் வழக்குக்கு முன் சிறையில் இருந்தோர் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தனர். பின்லாந்தில் 1950களின் தொடக்கத்தில் இலட்சத்துக்கு 180 அளவில் இருந்த வீதம் 1990களில் 60–70க்கு இறங்கியது. அங்கே குற்றப் போக்கு, சிறை வீதத்தை அப்படிக் குறைக்காத அயல்நாடுகளின் போக்கோடு ஒத்தே நகர்ந்தது. "சிறையைக் குறைத்தால் குற்றம் கூடும்" என்பவருக்குப் பின்லாந்தைக் காட்டுங்கள். ஆனால் நியூ ஜேர்சி நீதிமன்றங்களில் தவணையை நினைவூட்டிக் கண்காணிக்கும் உத்தியோகத்தர் இருக்கிறார்கள் என்பதை எழுத மறக்கவேண்டாம். அது இல்லாமல் பிணையை மட்டும் தளர்த்தினால் ஆட்கள் தவணை தவறுவார்கள், பிடியாணை போகும், திரும்பவும் உள்ளே வருவார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அண்ணாவைக் கொண்டுபோய் மூன்று வாரம். என்ன செய்வது? (பெயர், இடம் தவிர்க்கப்பட்டது)

இன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள், அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. உங்களுக்கு மீதி இருப்பது சில நாட்கள்தான். இச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது அதிகாரிகளின் கடமை. அறிவித்தார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2022 திருத்தத்தின்படி தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 12 மாதம்.

கசிப்பு வழக்கில் கணவருக்குத் தண்டப்பணம். கட்ட வழியில்லாமல் உள்ளே போய்விட்டார். முழுவதும் கட்டினால்தான் வருவாரா? (மட்டக்குளி)

முழுத் தொகையும் கட்டினால் அன்றே விடவேண்டும். ஒரு பகுதியைக் கட்டினாலும் அதற்கு ஏற்ற அளவில் நாட்கள் குறையும். ஏற்கெனவே உள்ளே கழித்த நாட்களையும் கணக்கிட்டு, மீதி எவ்வளவு என்று சிறை அலுவலகத்தில் கேளுங்கள். பலர் இந்தக் கணக்கைக் கேட்காமல் தீர்ப்பில் உள்ள முழுத் தொகைக்கும் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

இதே நிலையில் வேறு யாரும் இருந்தால், தீர்ப்பு வாசிக்கும் அந்த நேரத்திலேயே கால அவகாசமோ தவணை முறையோ கேட்கவேண்டும். நீதவானால் அதை வழங்க முடியும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் 1999இன் 46ஆம் இலக்கச் சட்டப்படி சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் கோரலாம். சிறைக்குப் பதிலாக, வீட்டில் இருந்தபடியே குறித்த மணித்தியாலங்கள் பொது வேலை செய்து முடிப்பது அது. நாட்கூலிக்குப் போகிறவர் வேலை நாட்களைச் சொல்லி, அதற்கேற்ப நேரம் ஒதுக்கும்படி சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்கள உத்தியோகத்தரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் பொது வேலைக்கு வராத நாளெல்லாம் கட்டளை மீறலாகப் பதியப்பட்டு, வழக்கு திரும்பவும் நீதவானிடம் போகும்.