இளநிலை உதவியாளரிடம் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் 19 ஆண்டுகள் கணக்கு ஆசிரியை. கலந்தாய்வில் பதவி உயர்வு பெற்று, போன மாதம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர். யாராவது வந்து 'எழுந்திரு' என்று சொல்லிவிடுவார்களோ என்றிருக்கிறது. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடக் கை நடுங்குகிறது. தெரியாததை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் இரவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். இதை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயிற்சிக்குப் போவது உங்கள் விருப்பம். மூத்தவர்கள் முறைப்பது நாலு மாதத்தில் அடங்கிவிடும். அந்த இங்கிலீஷ் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியது, சாதித்துக் காட்டிய பிறகும் 'எல்லாரையும் ஏமாற்றித்தான் இங்கே வந்தேன்' என்று நம்பிய பெண்களைப் பற்றி. உங்கள் கதை வேறு. சம்பளப் பட்டியல் நீங்கள் போட்டதே இல்லை. கை நடுங்காமல் என்ன செய்யும்?

என் தூக்கத்தைக் கெடுத்தது 'காட்டிக்கொள்ளாமல்' என்ற சொல்தான்.

2013-இல் ஒரு வங்கியின் கிராமக் கிளைக்கு மேலாளராகப் போனேன். அதுவரை பயிர்க்கடனைக் கோப்பில்தான் பார்த்திருக்கிறேன். சேர்ந்த வாரமே, வாடிக்கையாளர் எதிரில் என்னைத் திருத்திய கிளார்க்கை அறைக்குள் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். அடுத்த வாரம், பிப்ரவரியில், நிலக்கடலை போட்டிருந்த விவசாயி ஒருவர் வந்து, "எப்ப சார் கட்டணும்?" என்றார். கணக்கைத் திறந்துகூடப் பார்க்காமல், "மார்ச் கடைசிக்குள்ள கட்டிடுங்க" என்றேன். அவருடைய கெடு அந்த மாதமே முடிந்தது. அப்போது பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம், கெடு தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதம் சலுகை. ஒரு லட்சம் கடன். 3000 ரூபாய் போயிற்று.

நான் சொன்னதை அடுத்த சீட்டிலிருந்த அதே கிளார்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குத் தேதி தெரியும். தலையைத் தூக்காமல் வவுச்சரில் சீல் குத்திக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைத்தது நான். எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் யார் வந்து சொல்வார்கள்?

உங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் அந்தப் பட்டியலைப் போடும் இளநிலை உதவியாளர் இருப்பாரே. பகலெல்லாம் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இரவில் யூடியூப் எதற்கு? 'புரியலைன்னா கேளு' என்று வகுப்பில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள்! கேட்கத் தயங்கிய பிள்ளைக்காக எவ்வளவு வருத்தப்பட்டிருப்பீர்கள்! பட்டியலில் ஒரு தப்பு விழுந்தால் யாரோ ஒருவர் வீட்டு வாடகை அல்லவா தள்ளிப்போகும்? உங்கள் மானம் அதைவிடப் பெரிதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இதையெல்லாம் எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 3000 ரூபாயை என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அந்த விவசாயி வாங்கவில்லை. "விடுங்க சார், நீங்க புதுசு" என்று பாஸ்புக்கை உறைக்குள் செருகிக்கொண்டு போனார். ஒரு மாதமாக நான் மறைத்துக்கொண்டிருந்தது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நாளைக் காலையில் அந்த உதவியாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். மூத்தவர்கள் மூன்று பேரும் பார்க்கட்டும். அவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள்.