மூன்று பாக்கெட் நீல பாப்பி விதை, ஒரு செடிகூட இல்லை

கேள்வி: இமயமலை நீல பாப்பி என்று போட்டிருந்த விதையை மூன்று முறை வாங்கினேன். இரண்டு முறை ஒன்றுகூட முளைக்கவில்லை. மூன்றாவது தடவை ஏழெட்டு நாற்று தலைகாட்டி, ஒரே வாரத்தில் அடியில் நைந்து சாய்ந்துவிட்டன. நாங்கள் இருப்பது கோடையிலும் குளிர் விடாத மலைப்பகுதி. எனக்குக் கைராசி இல்லையா, விதையில் கோளாறா?

பதில்: கைராசியைப் பிறகு பார்ப்போம். அந்த விதையைக் காயிலிருந்து எப்போது எடுத்தார்கள் என்று பாக்கெட்டில் இருக்கிறதா? இருக்காது. பேக் செய்த தேதிதான் இருக்கும். நாலு வருடம் மூட்டையில் கிடந்ததை நேற்று கவரில் போட்டால், அது நேற்றைய சரக்கு! உணவுப் பயிர் விதை என்றால் முளைப்புத்திறன் சதவீதமாவது பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். பூ விதை வாங்குகிறவர் ஏமாந்தால் கேட்பாரில்லை.

மெக்கனாப்சிஸ் (நீல பாப்பியின் தாவரப் பெயர்) விதைக்கு ஆயுள் குறைவு. கோடை முடிவில் காய் முற்றியதும் எடுத்து உடனே விதைக்கலாம். இல்லையென்றால் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த வசந்தத் தொடக்கத்தில் விதைக்கலாம். வெயில் படும் அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த விதையை நம்பாதீர்கள்.

அடுத்தது, அது நீல பாப்பி விதைதானா? நானே ஒருமுறை ஏமாந்தவன். அழகாக முளைத்தது. வளர வளரப் பார்த்தால் இலை வழவழவென்று, சாம்பல் பூசிய பச்சையில், தண்டைக் கட்டிக்கொண்டு வருகிறது. கசகசாச் செடி! நீல பாப்பி நாற்று அப்படி இருக்காது. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துருநிறத்தில் பூனைமயிர் தெரியும். கசகசாவில் விதை நீலமாக இருக்கும் ரகம் உண்டு. அதையே ‘புளூ பாப்பி’ என்று கொடுத்துவிட்டு, கேட்டால் “விதை நீலம்தானே சார்” என்கிறார்கள். அசல் நீல பாப்பியின் விதை பழுப்பு. கசகசா அபின் எடுக்கும் செடி என்பதால், பல நாடுகளில் உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது குற்றம். செடி உங்கள் தோட்டத்தில் நிற்கும்போது, விற்றவரைத் தேடி யார் போகப்போகிறார்கள்?

பெயரை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம். 1924-இல் கிங்டன்-வார்டு என்ற தாவர சேகரிப்பாளர் திபெத்திலிருந்து விதை கொண்டுவந்த இனத்தை நெடுங்காலம் பெட்டோனிசிஃபோலியா என்றே விற்றார்கள். 2009-இல் அதைப் பேலியை என்ற தனி இனமாகப் பிரித்தார்கள். பல லேபிள்கள் இன்னும் மாறவில்லை.

உங்கள் மூன்றாவது விதைப்பு வேறு கதை. விதை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாற்றின் அடியை அழுகவைக்கும் பூஞ்சண நோயான நாற்றழுகல் கொன்றுவிட்டது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மண் போட்டு மூடக்கூடாது. ஈரமான கலவையின்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் இரண்டு முதல் நாலு வாரத்தில் முளைக்கும். தட்டைக் கண்ணாடியால் மூடியிருந்தால், முளைத்ததும் அதை எடுத்துவிடுங்கள். பூவாளியால் மேலே தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். நெருக்கமாக இருந்தால் இரக்கம் பார்க்காமல் கலைத்துவிடுங்கள். பிறகு இலைமக்கு நிறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணும் அரைநிழலும் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். முதல் வருடமே பூங்காம்பு எழும்பினால் கிள்ளிவிடுங்கள். தூர் பெருக்காமல் பூத்த செடி பெரும்பாலும் அதோடு முடிந்துபோகும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பணம் போகிறது. பெரிய பூ பூக்கும் கலப்பினங்கள் பல மலடு. ‘ஸ்லீவ் டொனார்ட்’ அப்படித்தான். காய் தோன்றும், உள்ளே முளைக்கிற விதை இருக்காது. ஆகவே ‘ஸ்லீவ் டொனார்ட் விதை’ என்று யாராவது விற்றால், அது எத்தனை புதிதாக இருந்தாலும் பொய். ‘லிங்ஹோம்’ என்ற கலப்பினம் விதை பிடிக்கும், அதனால் அந்தப் பெயரில் விதை வரலாம். மலட்டு ரகம்தான் வேண்டுமென்றால் செடியாக வாங்குங்கள். பூத்து முடிந்த கையோடு, அல்லது வசந்தத்தில் துளிர் விடத் தொடங்கும்போது, தூரைத் தோண்டிக் கையால் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு துளிரும் கொஞ்சம் வேரும் இருக்க வேண்டும். அதே நாளில் நட்டுத் தண்ணீர் விடுங்கள்.

முதல் இரண்டு பாக்கெட்டில் மீதி விதை இருந்தால் எறியாதீர்கள். இருபது விதையை எண்ணி எடுத்து, ஈரமான டிஷ்யூமேல் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் குளிர்ச்சியான ஜன்னலோரம் வைத்து, தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள். நாலு வாரத்தில் ஒன்றுகூட வெண்வேர் விடவில்லை என்றால் டப்பாவைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.