பள்ளிக்குள் லைசென்ஸ் துப்பாக்கி: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 12 ஆண்டுகளாக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பாதுகாப்புக் குழுவில் நான்கு ஆண்டுகளாக ஆசிரியர்கள் சார்பில் இருக்கிறேன். கைத்துப்பாக்கி லைசென்ஸும் என்னிடம் உண்டு. அதை ஏன் வாங்கினேன் என்பது கீழே வரும். லைசென்ஸ் உள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளிக்குள் துப்பாக்கியோடு இருக்கலாமா என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல கேட்டன. வந்த கேள்விகளையும் என் பதில்களையும் அப்படியே தருகிறேன்.

ஆஸ்டினிலிருந்து ஓர் அப்பா: டெக்சாஸில் இப்போது லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படியென்றால் பள்ளிக்குள்ளும் யாரும் கொண்டுவரலாமா மேடம்?

கொண்டுவர முடியாது. 2021இல் வந்த சட்டப்படி 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத ஒருவர் பொது இடத்தில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளிக் கட்டடம் அப்போதும் இப்போதும் தடை செய்யப்பட்ட இடம்தான். இது தவிர, பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று 1990இலிருந்து மத்திய அரசின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை 1995இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளிக்குக் கைத்துப்பாக்கி கொண்டுவந்ததில் தொடங்கிய வழக்கு அது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள்.

அந்த 1,000 அடி விதியில் மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. காரில் துப்பாக்கி வைத்துக்கொண்டே பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகலாம். காரை விட்டு இறங்கிக் கட்டடத்துக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் பள்ளி நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும்.

அதே அப்பா: அந்த அனுமதியை யாருக்குத் தருகிறார்கள்?

டெக்சாஸில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று 'கார்டியன்' முறை. பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டு, தான் நம்பும் ஊழியர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடும். எவ்வளவு பயிற்சி என்பதையும் பெரும்பாலும் போர்டே முடிவு செய்யும். இன்னொன்று 2013இல் வந்த 'ஸ்கூல் மார்ஷல்' முறை. அதற்கு 80 மணி நேரப் பயிற்சி, மனநலத் தேர்வு, மாநில அனுமதி எல்லாம் உண்டு.

கார்டியன் முறைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் வட டெக்சாஸில் உள்ள ஹாரல்ட் என்ற சின்ன ஊர். மொத்தமே நூறு பிள்ளைகள்போலப் படிக்கும் பள்ளி அது. ஷெரிஃப் அலுவலகம் வெகு தொலைவு. போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர்கள் நிலைமை வேறு. நான்கு நிமிடத்தில் போலீஸ் வந்து நிற்கும் நம் டாலஸ் புறநகருக்கு அந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் தவறு.

2022இல் டெக்சாஸின் யுவால்டி நகரப் பள்ளியில் 21 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 2023இல் இன்னொரு சட்டம் வந்தது: ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு மாநிலம் அப்போது ஒதுக்கியது பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், அதோடு மாணவருக்கு 10 டாலர். ஓர் அதிகாரியின் சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை. ஆள் கிடைக்காத மாவட்டங்கள் பயிற்சி பெற்ற ஊழியரிடம் துப்பாக்கியைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்கின்றன. ஆசிரியர் கைக்குத் துப்பாக்கி வருவதற்குக் கொள்கை ஒரு காரணம் என்றால், காசு இன்னொரு காரணம்.

பிளேனோவிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: அக்கா, எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுகிறேன். என்னைப் போன்ற அப்பாக்கள் முறை வைத்துப் பள்ளியில் நின்றால் என்ன தப்பு?

தம்பி, உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்றுதான் நானும் லைசென்ஸ் வாங்கப் போனேன். குழுவில் அதைப் பற்றிப் பேசுகிறவள் அது என்னவென்றே தெரியாமல் பேசக் கூடாது என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை வகுப்பு. சட்டம், சேமிப்பு முறை, தகராறைத் தவிர்ப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். அப்புறம் சுடும் தேர்வு. மொத்தம் 50 தோட்டாக்கள்: 9 அடியில் 20, 21 அடியில் 20, 45 அடியில் 10. முழு மதிப்பெண் 250, தேற 175 போதும். எதிரே மனித உருவம் அச்சிட்ட ஒரு காகிதம். சூடான தோட்டாக் கூடு ஒன்று தெறித்து என் கழுத்துப் பட்டைக்குள் விழுந்தது. திடுக்கிட்டதில் அடுத்த இரண்டு குண்டும் காகிதத்தைத் தாண்டிப் போயின. அப்படியும் 221 வாங்கித் தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். அசையாத காகிதத்தைச் சுடும்போதே இரண்டு குண்டு எங்கோ போயின. பள்ளித் தாழ்வாரத்தில் அது எங்கே போயிருக்கும்? மதிய மணி அடித்ததும் எங்கள் தாழ்வாரத்தில் முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். எதிரே இருப்பவன் கையில் ரைஃபிள் இருக்கலாம். அவன் திருப்பிச் சுடுவான். பல சமயம் அவனே என் வகுப்பில் உட்கார்ந்து படித்த பையனாக இருப்பான். நியூயார்க் போலீஸாரின் துப்பாக்கிச் சண்டைகளை 1998 முதல் 2006 வரை எடுத்து ஆராய்ந்தார்கள். எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் அவர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கில் பட்டவை 100க்கு 18. தினமும் இதே வேலையாக இருப்பவர்களின் கணக்கு அது.

நீங்கள் குற்றவாளி இல்லை, சட்டம் தெரியும், காகிதத்தைச் சுடத் தெரியும் என்பதற்குத்தான் லைசென்ஸ் சான்று. பிள்ளைகள் ஓடும் இடத்தில் எப்போது சுடக் கூடாது என்பது தெரியும் என்பதற்கு அது சான்றில்லை. ஃபுளோரிடாவில் கார்டியன் ஆக 144 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள், என் ஐந்து மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாரும் சுடாத நாட்களையும் யோசியுங்கள். ஆண்டில் 175 நாள் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கும்? இடுப்பில் என்றால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது அதன் முகம் சரியாக அந்த உறையில்தான் இடிக்கும். கழிவறைக்குப் போகும்போது எங்கே வைப்பார்கள்? 2014இல் யூட்டாவில் ஓர் ஆசிரியையின் துப்பாக்கி பள்ளிக் கழிவறையில் தவறுதலாக வெடித்து அவர் காலிலேயே சில்லுகள் பாய்ந்தன. 2023 தொடக்கத்தில் நம் டெக்சாஸிலேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கழிவறையில் நிர்வாகி மறந்துவிட்டுப் போன துப்பாக்கியை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டெடுத்தது. வெடிக்கவில்லை என்பது அந்த ஊர் செய்த புண்ணியம்.

ஹூஸ்டனிலிருந்து ஓர் அம்மா: ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர் காப்பாற்றிய இடங்களும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. 1997இல் மிசிசிப்பியின் பேர்ல் நகரில் துணை முதல்வர் தன் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து தாக்கியவனை மடக்கிப் பிடித்தார். அதற்குள் இரண்டு மாணவிகள் இறந்திருந்தார்கள். 2018இல் இலினாயின் டிக்சன் நகரப் பள்ளியில் அங்கு பணியில் இருந்த போலீஸ்காரர் ஒருவரே தாக்குதலை நிறுத்தினார். மாணவர் யாருக்கும் காயமில்லை. இரண்டாமவர் முழுநேரப் பயிற்சி பெற்ற, சீருடை அணிந்த அதிகாரி. அப்படிப்பட்டவர் பள்ளியில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் பள்ளி அதிகாரிக்குப் பாதிப் பிள்ளைகளின் பெயர் தெரியும்.

அதே அம்மா: யுவால்டியில் அத்தனை போலீஸும் வெளியே நின்றார்களே. அதைப் பார்த்த பிறகும் அவர்களை நம்பச் சொல்கிறீர்களா?

2022 மே 24. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் வருகிறது. 376 அதிகாரிகள் வந்தார்கள். உள்ளே நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 2018இல் நடந்த தாக்குதலில் பள்ளிக்கென்றே இருந்த அதிகாரி வெளியிலேயே நின்றுவிட்டார். 17 பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களே உறைந்துபோனார்கள் என்றால், அது எனக்கு எப்படி நம்பிக்கை தரும்? நான் உறைய மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் தாக்குதல்களை எடுத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு விகிதம் 2.83 மடங்கு அதிகமாக இருந்தது. காவலர்தான் காரணம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் சாகவே முடிவெடுத்து வருபவனைக் காவலர் இருக்கிறார் என்ற பயம் தடுத்து நிறுத்துவதில்லை என்பதாவது தெரிகிறது.

யுவால்டியில் எனக்கு மறக்காதது கதவுதான். வெளிக் கதவை ஓர் ஆசிரியை இழுத்துச் சாத்தினார், பூட்டு விழவில்லை. 111ஆம் வகுப்பறைப் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரியும். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் வகுப்பைவிட்டு வெளியே போன பையன் திரும்பி வந்தான். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. திறக்கப் போன மாணவி கண்ணாடி வழியாகத் துப்பாக்கியைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார். ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே அவசரப் பொத்தான் இருந்தது; அதைக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பள்ளி அதிகாரிகள் வந்து அவனைப் பிடித்தார்கள். நான்கு உயிர் போனது. அந்தப் பூட்டும் பொத்தானும் இல்லாதிருந்தால் எத்தனை என்று நினைக்கவே நடுங்குகிறது.

எங்கள் குழுவில் முதல் ஆண்டு நான் செய்த ஒரே வேலை பிரின்சிபலோடு ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எல்லாக் கதவையும் இழுத்துப் பார்த்ததுதான். பதினொரு கதவுகள் சரியாகப் பூட்டவில்லை.

இர்விங்கிலிருந்து ஒருவர்: நம் நிறத்தில் ஒருவர் கையில் துப்பாக்கியோடு நின்றால் உள்ளே வரும் போலீஸ் என்ன நினைக்கும்?

சங்கடமான கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டியது. 2018 நவம்பரில் இலினாயில் ஒரு மதுக்கூடத்தில் சுட்டவனை மடக்கி வைத்திருந்த கறுப்பினக் காவலாளியை உள்ளே வந்த போலீஸ்காரர் சுட்டுக் கொன்றுவிட்டார். 2021இல் கொலராடோவின் அர்வாடாவில் தாக்கியவனை வீழ்த்திய ஒரு வெள்ளையரும் போலீஸ் குண்டிலேயே இறந்தார். நிறம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் நிறம் சரியாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

டாலஸ் பகுதி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்: எங்கள் வகுப்புகள் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கின்றன. லைசென்ஸ் உள்ள ஒரு பெற்றோர் துப்பாக்கியோடு காவல் நிற்கிறேன் என்கிறார். சரி என்று சொல்லலாமா அக்கா?

நீங்கள் சரி என்று சொன்னால் செல்லாது. கட்டடம் பள்ளி மாவட்டத்துடையது. அவர்கள் எழுத்து அனுமதி இல்லாமல் அவர் உள்ளே வந்தால் அவர்மேல்தான் வழக்கு வரும். பணம் திரட்ட முடிந்தால், பணி இல்லாத நேரத்தில் போலீஸ்காரரைக் கூலிக்கு அமர்த்த மாவட்டத்திடமே வழி கேளுங்கள். பல இடங்களில் செய்கிறார்கள்.

அதைவிட முதலில் இதைச் செய்யுங்கள். நானும் தமிழ்ப் பள்ளியில் 'அ, ஆ' சொல்லிக் கொடுத்தவள்தான். தாமதமாக வருகிறவர்களுக்காகப் பக்கவாட்டுக் கதவின் இடுக்கில் ஒரு செருப்பைச் செருகி வைத்திருப்போம். அந்தச் செருப்பை எடுத்துவிடுங்கள். ஒரே வாசல், அங்கே முகம் தெரிந்த இரண்டு பேர், எல்லா ஆசிரியருக்கும் வகுப்பறைச் சாவி, நெருக்கடியில் எல்லோரும் சொல்ல வேண்டிய ஒரே சொல். பொங்கல் விழாவுக்கு ஒத்திகை பார்ப்பதுபோல ஒரு ஞாயிறு இதற்கும் ஒத்திகை பாருங்கள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மா: குண்டு துளைக்காத புத்தகப் பை வாங்கலாமா?

கடைகளில் விற்கும் பைகள் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும்தான். ரைஃபிளுக்கு நிற்காது. நான் வாங்கவில்லை.

அதே அம்மா: என் மகனுடைய டீச்சரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் சொல்வார்களா?

பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் பள்ளியில் மார்ஷல் யாராவது இருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். மின்னஞ்சலில் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு பாட்டி: அம்மாடி, பேத்தி டாலஸ்ல அஞ்சாங்கிளாஸ் படிக்கிறா. டிரில்லுன்னு இருட்டுல உட்கார வைக்கிறாங்களாம். பிள்ளை பயந்துட மாட்டாளா?

பாட்டி, பயப்படும் பிள்ளைகளும் உண்டு. எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே சொல்லி, மெதுவான குரலில், துப்பாக்கிச் சத்தம் மாதிரி நாடகம் எதுவும் இல்லாமல் செய்தால் தீயணைப்புப் பயிற்சி போலத்தான். பூட்டு, விளக்கணை, கண்ணில் படாதே, அவ்வளவுதான். போன முறை என் வகுப்பில் 24 பேர் குழாயடி மூலையில் உட்கார்ந்திருந்தோம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளங்கையைச் சொட்டுக்குக் கீழே நீட்டியபடியே கடைசிவரை இருந்தான். யாரும் சொல்லித் தரவில்லை. பேத்தி வந்ததும் "என்ன செஞ்சீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், அவளே கொட்டிவிடுவாள்.

சான் அன்டோனியோவிலிருந்து ஓர் அப்பா: வீட்டில் இருந்தபடி நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

நிறைய முடியும். 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை, அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு தரும் சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் கிடைத்தது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் 2021இல் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்கு நான்கு நாள் முன்புதான் அப்பா துப்பாக்கி வாங்கியிருந்தார். அன்று காலை அவன் வரைந்த படத்தைப் பார்த்துப் பயந்து பள்ளி பெற்றோரை அழைத்தது. அவனை அழைத்துப் போகாமல் திரும்பினார்கள். இருவருக்கும் 2024இல் குறைந்தது பத்தாண்டுச் சிறை.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டுங்கள். சாவி எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள். எண் பூட்டு வாங்குங்கள்; எண்ணைப் பிறந்தநாளாக வைக்காதீர்கள். என் துப்பாக்கியும் இப்படிப் பூட்டித்தான் அலமாரியில் கிடக்கிறது. பள்ளிப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொன்று. பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது கேட்டுவிடுங்கள். எனக்கும் முதல் தடவை நாக்கு எழவில்லை. கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும்போதே சேர்த்துக் கேட்டேன்: "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்கிறதுதானே?" அந்த அம்மா கொஞ்சம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, இனி நானும் கேட்கிறேன்" என்றார்.