தூளுக்குள் லேசர் – கடிதம்

வணக்கம் சார்,

கண்ணாடிகளே இல்லாமல் வெறும் தூளை வைத்து லேசர் செய்திருக்கிறார்கள் என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை. சிதறல் என்றால் இழப்பு என்றுதான் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும் தூளே லேசர் ஆவது எப்படி? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

*

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் தவறில்லை. வழக்கமான லேசரில் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நேர்கோட்டில் போய்வர வேண்டும், நடுவில் ஒரு தூசி அதைத் திருப்பிவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வராது. ஆனால் சிதறல் ஒளியைத் தின்பதில்லை. திசையை மாற்றுகிறது, அவ்வளவே. தின்பது உறிஞ்சல். பாலில் கொழுப்புத் துளிகள் ஒளியை ஓயாமல் திருப்பிவிடுகின்றன, உறிஞ்சுவதோ மிகக் குறைவு, அதனால் உள்ளே போன ஒளியில் பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது, பால் வெள்ளையாகத் தெரிகிறது.

சிதறல் செய்யும் முக்கியமான வேலை, பாதையை நீட்டுவது. கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளை ஒவ்வொரு தப்படிக்கும் ஏதோ ஒரு பக்கம் திரும்பி நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து 100 தப்படி தள்ளிப்போக சுமார் 10,000 தப்படி நடக்க வேண்டியிருக்கும். ஒளிக்கும் இதே கணக்குதான்.

இந்த நீண்ட நடையில் ஒவ்வொரு தப்படிக்கும் கொஞ்சம் உறிஞ்சல் இருந்தால் என்ன ஆகும்? இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் விரலை வையுங்கள். விரல் முழுக்கச் சிவப்பாக ஒளிரும். எலும்பு நிழல்கூடத் தெளிவாகத் தெரியாது, அந்த அளவுக்குச் சதை ஒளியைக் கலைத்துப் போட்டுவிடுகிறது. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும், சிவப்பைக் குறைவாகத்தான். நடை நீளமானதால் அந்த வித்தியாசம் பல மடங்காகி, சிவப்பு மட்டும் மிஞ்சி வெளியே வருகிறது. கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டரும் ஹீமோகுளோபினின் இந்த உறிஞ்சலை வைத்துத்தான் வேலை செய்கிறது.

சரி, இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். ஒவ்வொரு தப்படிக்கும் ஒளி கொஞ்சம் குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடுகிறது என்று வையுங்கள், அதாவது தூண்டப்பட்ட உமிழ்வு (வருகிற ஒளி அணுவையோ மூலக்கூறையோ தூண்டி, தன்னைப் போன்ற ஒளியை வெளியிட வைப்பது) நடக்கும் பொருளுக்குள் அது நடக்கிறது. அப்போது வளைந்து திரிந்து நேரம் கடத்துவது லாபம் ஆகிவிடுகிறது! ஒளியை உள்ளேயே பிடித்துவைக்கும் கண்ணாடியின் வேலையைச் சிதறல் செய்கிறது. இதை 1968லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் சோவியத் இயற்பியலாளர் லெடகோவ். பெருக்கம் பொருளின் கனஅளவு முழுக்க நடக்கிறது, ஒளி தப்பிப்பது மேற்பரப்பு வழியாக மட்டும். உருண்டையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கனஅளவு 8 மடங்கு, மேற்பரப்பு 4 மடங்குதான். அதனால் ஓர் அளவைத் தாண்டினால் வரவு செலவை முந்திவிடும். யுரேனியத்தில் நியூட்ரான்கள் பெருகுவதும் இதே தர்க்கம்தான். எனக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

அப்புறம் 1994ல் இயற்பியலாளர் லவாண்டியின் குழு, ரோடமைன் என்ற ஒளிரும் சாயம் கரைத்த மெத்தனாலில் டைட்டானியம் டைஆக்சைடு துகள்களைக் கலந்தது. வெள்ளை பெயிண்டில் போடுகிற அதே பொருள். வெளியிலிருந்து லேசர் துடிப்புகளால் ஊட்டியபோது, ஓர் அளவுக்கு மேல் சாயத்தின் அகலமான நிற வீச்சு சட்டென்று குறுகியது, லேசர் போல நடக்கிறது என்பதற்கு அடையாளம் அது. சில ஆண்டுகளில் இயற்பியலாளர் ஹுய் சாவோவின் குழு துத்தநாக ஆக்சைடு தூளிலேயே கூர்மையான லேசர் நிறங்களைப் பார்த்துவிட்டது.

ஒன்றைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்: இந்த லேசர் ஒரே கற்றையாக வராது, எல்லாத் திசையிலும் சிதறும். ஆனால் அதிலும் ஒரு நன்மை உண்டு. சாதாரண லேசரைச் சுவரில் அடித்தால் புள்ளி மணல் மணலாக மினுங்கும், லேசர் வெளிச்சத்தில் படம் எடுப்பவர்களுக்குப் பெரிய தொல்லை அது. இப்படிச் சிதறலால் இயங்கும் லேசரால் அந்த மணல் இல்லாமல் படம் எடுக்கலாம் என்று சாவோவும் அவரது சகாக்களும் 2012ல் செய்தே காட்டினார்கள்.

வகுப்பில் முதலில் டார்ச்சையும் விரலையும் காட்டுங்கள். கூடவே பஜ்ஜி வைத்த பேப்பர் ஒன்றையும் கொண்டுபோங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் நார்களுக்கு இடையிலிருந்த காற்று போய் சிதறல் குறைந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிள்ளைகளே காரணத்தைக் கேட்பார்கள்.