இணை நோய் என்ற சொல்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. கொரோனா வந்தபோது எட்டாம் வகுப்பு. அவளைக் காப்பாற்ற வேண்டுமென்று இரண்டு வருடம் வாசல் தாண்ட விடவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் வருவதில்லை. சில நாள் இன்சுலின் போடாமலே போட்டேன் என்கிறாள். கேட்டால், "என்னைக்கிருந்தாலும் போறதுதானே" என்கிறாள். எங்கே தவறினோம்?

ஒரு தாய், கருங்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்சுலினை விடுவதும் அந்தப் பேச்சும் சேர்ந்து வந்தால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். டைப் 1-ல் ஓரிரு நாள் ஊசி நின்றாலே ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். ஊசி நேரத்தில் பக்கத்தில் இருங்கள். வாந்தி, மூச்சு வாங்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே, இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். நடு ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் உங்கள் கேள்வி. 2020-ல் என் தங்கை மகனுக்கு 14 வயது. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம், சிறுநீரில் புரதம் போகிற நோய். தினமும் காலையில் அவனே டெஸ்ட் டியூபில் சிறுநீரைச் சூடாக்கி, முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிகிறதா என்று பார்த்து நோட்டில் குறிப்பான். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியிருந்ததால் ஆன்லைன் வகுப்பில் கேமராவைப் போடவே மாட்டான். டாக்டர் திருவனந்தபுரத்தில். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்ட அப்போது பாஸ் வேண்டும். இதெல்லாம் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

தெரியாமல் போனது சாயங்கால டிவி. இன்று இத்தனை பேர் இறந்தார்கள், அதில் இணை நோய் உள்ளவர்கள் இத்தனை பேர் என்று வாசிப்பார்கள். சர்க்கரை, சிறுநீரகம், இதயம். நமக்கெல்லாம் அது ஆறுதலாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். "அவருக்கு ஏற்கெனவே சீக்கு இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு நாள் அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "மாமா, எனக்க தீனத்தத்தான வாசிக்காங்க?" என்றான். நான் டிவியை அணைத்தேன். பதில் சொல்லவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

அந்தக் கணக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று அவனை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். சிநேகிதர்களைத் தேடி ஓடுகிற வயதில், வெளியே சாவு இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தோம். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோதும் அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டுக்குள் வைத்ததில் தப்பில்லை, சகோதரி. ஆனால் காலையில் எழுந்ததும் "சுகர் எவ்வளவு" என்று கேட்கிறோம், ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிறோமா? டைப் 1 உள்ள வளரிளம் பிள்ளைகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். செக்கப்பில் அதையும் பார்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பையனிடம் ஒரு டாக்டர், அவன் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினார். ஸ்டீராய்டே தூக்கத்தையும் மனதையும் கலைக்கும் என்று சொன்னாராம். தன் அழுகையில் மாத்திரைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகுதான் அவன் மற்றதையும் பேச ஆரம்பித்தான். உங்கள் மகளையும் தனியாகப் பேச விடுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருங்கள்.